‘போலாக்கோ’ என்றால் யார்? போலந்தியரா, போலியரா?

பள்ளிக்கூடத்து வேதியியலில் பொலோனியம் என்ற தனிமத்தைப் படித்திருப்போம். மேரி கியூரியும் பியேர் கியூரியும் 1898இல் கண்டுபிடித்தது. மேரி பிறந்த நாட்டின் இலத்தீன் பெயர் பொலோனியா. அதையே தனிமத்துக்கும் வைத்தார்கள். அந்த ஆண்டில் உலக வரைபடத்தில் போலந்து என்று ஒரு நாடே கிடையாது. 1772 முதல் 1795க்குள் ருஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் மூன்று தவணையில் அதைப் பங்குபோட்டு முடித்திருந்தன. 1918 வரை அந்த நிலைதான். இல்லாத நாட்டின் பெயரை ஒரு தனிமத்தில் எழுதிவைத்தார் மேரி.

அதே காலத்தில் அந்த மண்ணிலிருந்து பல்லாயிரம் உழவர்கள் கப்பலேறி பிரேசிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே அவர்களுக்கு ‘போலாக்கோ’ என்று பெயர் விழுந்தது. கடைசி ஓகாரத்தை உகரம்போல மெலிப்பது பிரேசில்காரர்களின் வழக்கம் என்பதால், காதில் ‘போலாக்கு’ என்றே கேட்கும். இந்த ஒரு சொல் போகிற இடத்துக்குத் தக்கபடி மரியாதையாகவும் வசவாகவும் மாறியிருக்கிறது. தமிழில் இதற்கு ஈடாக எதை எழுதுவது என்று தேடப்போய்த்தான் இவ்வளவையும் படித்தேன்.

வேரிலிருந்து தொடங்குவோம். போலந்து மொழியில் ‘போலே’ என்றால் வயல். வயல்வெளியில் வாழ்ந்த ‘போலானியே’ என்ற குலத்தாரின் பெயரிலிருந்து நாட்டுக்கு ‘போல்ஸ்கா’ என்ற பெயர் வந்தது என்பதே பெரும்பாலோர் ஏற்ற விளக்கம். அந்நாட்டு ஆண் ‘போலாக்’, பெண் ‘போல்கா’. போர்த்துக்கீசியரும் ஸ்பானியரும் ‘போலாக்’கின் வாலில் ஓர் ஓகாரத்தைச் சேர்த்து ‘போலாக்கோ’ ஆக்கிக்கொண்டார்கள். பெண்ணுக்கு ‘போலாக்கா’. ஆக, பிறப்பிலேயே இது பழுதில்லாத சொல். அந்த மக்கள் தங்களைத் தாங்களே அழைத்துக்கொள்ளும் பெயர்தான். போர்ச்சுகலில் இன்றுவரை இதுதான் பொதுச்சொல். அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. அர்ஜென்டினாவில் புகழ்பெற்ற தாங்கோ பாடகர் ரோபர்த்தோ கொயெனெச்சேயை ‘எல் போலாக்கோ’ என்று செல்லமாக அழைத்தார்கள். அவருக்கும் போலந்துக்கும் சம்பந்தமில்லை, முடி வெளிர்நிறமாக இருந்தது, அவ்வளவுதான். ஸ்பெயினுக்குப் போனால் கதை வேறு. அங்கே கத்தலோனியா பகுதியின் கத்தலான் மக்களை இளக்காரமாகச் சொல்ல இதே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்.

பிரேசிலில் என்ன ஆயிற்று?

1869இல், பிரஷ்யாவின் பிடியில் இருந்த மேல் சைலீசியாவிலிருந்து பதினாறு குடும்பங்கள் சாந்தா கத்தரீனா மாநிலத்தின் புருஸ்கே பகுதியில் குடியேறின. அதுவே தொடக்கம் என்று கணக்கிடுகிறார்கள். அந்த இடம் சரிப்பட்டு வராததால் 1871இல் அவர்கள் பரனா மாநிலத்துக்கு மாறி, குரிடிபா நகருக்குப் பக்கத்தில் நிலம் பிடித்தார்கள். அதற்காக அலைந்தவர் செபாஸ்தியான் வோஷ் சபோர்ஸ்கி. பிரேசிலின் போலந்துக் குடியேற்றத்தின் தந்தை என்று அவரைத்தான் சொல்வார்கள். பிறகு 1890, 1891 வாக்கில் ருஷ்யாவின் பிடியில் இருந்த பகுதிகளில் கிராமம் கிராமமாக மக்கள் கிளம்பினார்கள். அதற்குப் போலந்து மொழியில் ‘பிரேசில் காய்ச்சல்’ என்றே பெயர். 1888இல் அடிமைமுறையை ஒழித்த பிரேசிலுக்குக் கைகள் தேவைப்பட்டன, கப்பல் கட்டணத்தையும் அதுவே ஏற்றது. துண்டு நிலத்துக்கே வழியில்லாமல் கிடந்தவர்களுக்கு இது போதாதா? பரனா நாடு பனிமூட்டத்தில் மறைந்து கிடந்ததாகவும், ஏழைப் போலந்து உழவர்களுக்காக மாதாவே அந்த மூட்டத்தை விலக்கியதாகவும் ஊர்களில் ஒரு கதை பரவியது.

போனவர்கள் ஊருக்குக் கடிதம் எழுதினார்கள். அவற்றில் ஏராளமானவை போய்ச் சேரவே இல்லை. காய்ச்சல் இன்னும் பரவிவிடும் என்று ஜார் அரசின் தணிக்கை அதிகாரிகள் பிடித்துவைத்துக்கொண்டார்கள். அப்படிச் சிக்கி, அழியாமல் தப்பிய கடிதங்கள் 1973இல்தான் நூலாக வெளிவந்தன. அதற்குள் எழுதியவரும் இல்லை, எழுதப்பட்டவரும் இல்லை. இந்தச் சொல்லைப் பற்றிப் படித்ததில் என் மனதைவிட்டுப் போகாத செய்தி இதுதான்.

சரி, இறங்கியவர்களை பிரேசில் அதிகாரிகள் என்னவென்று எழுதிக்கொண்டார்கள்? கையில் இருந்த தாளில் ருஷ்யா என்றால் ருஷ்யர், இல்லையென்றால் ஆஸ்திரியர் அல்லது பிரஷ்யர். எத்தனை போலந்தியர் வந்தார்கள் என்பதை இன்றும் ஆளுக்கொரு கணக்காகச் சொல்வதற்கு இதுவே காரணம். ஆனால் அக்கம்பக்கத்தாருக்கு அவர்கள் ‘போலாக்கோ’க்கள்தான். நாடில்லாதவர்கள் என்பதால் பரனாவில் ஒரு வசவும் பிறந்தது: ‘போலாக்கோ செம் பண்டெய்ரா’, கொடியில்லாத போலாக்கோ. இதைத் தமிழில் சொல்லவேண்டுமானால் ‘நாதியத்த போலாக்கோ’ என்றால் அந்தக் குத்தல் வந்துவிடும். ஆனால் கொடி போய்விடும். கொடிதான் அதில் உயிர் என்பதால் நான் ‘கொடியில்லாத’ என்றே வைத்துக்கொள்வேன்.

இன்னொரு கறை நகரத்திலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் ரியோ டி ஜெனீரோ, புவெனஸ் ஐரிஸ் நகரங்களுக்குக் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பெண்களை ஏமாற்றிக் கொண்டுவந்து பாலியல் தொழிலில் தள்ளும் கும்பல்கள் இயங்கின. அப்படிச் சிக்கியவர்களில் பலர் ஏழை யூதக் குடும்பத்துப் பெண்கள். ருஷ்யாவிலிருந்து வந்தாலும் ருமேனியாவிலிருந்து வந்தாலும் ரியோவில் அவர்கள் அத்தனை பேரும் ‘போலாக்கா’. நாளடைவில் அந்தச் சொல்லுக்கே பாலியல் தொழிலாளி என்ற பொருள் ஏறிவிட்டது. யூதச் சமூகம் அவர்களைத் தன் இடுகாட்டில் சேர்க்க மறுத்தது. அதனால் அந்தப் பெண்கள் 1906இல் தங்களுக்குள்ளேயே ஒரு உதவிச் சங்கம் அமைத்து, ரியோவின் இன்யாவூமா பகுதியில் தங்களுக்கென்று ஒரு இடுகாட்டையும் உண்டாக்கிக்கொண்டார்கள். அது இன்றும் இருக்கிறது. அர்ஜென்டினாவில் இயங்கிய கும்பல் தன் பெயரையே ‘வார்சோவியா’, அதாவது வார்சா, என்று வைத்திருந்தது. போலந்துத் தூதர் எதிர்ப்புத் தெரிவித்த பிறகுதான் ‘ஸ்வி மிக்தால்’ என்று மாற்றியது. ஊர்ப்பெயருக்கும் களங்கம் வரும் என்பதை அந்தத் தூதர் உணர்ந்திருந்தார்.

இப்படி ஆண்பால் வடிவத்தில் ஏளனமும் பெண்பால் வடிவத்தில் களங்கமும் ஏறிவிட்டால், அந்தச் சொல்லை எப்படிக் கூசாமல் சொல்வது? பிரேசிலில் ‘பொலொனேஸ்’ என்ற இன்னொரு சொல் மேலே வந்தது. பிரெஞ்சு வடிவத்தை ஒட்டியது. ‘பிரான்சேஸ்’ (பிரெஞ்சுக்காரர்), ‘இங்கிலேஸ்’ (ஆங்கிலேயர்) என்ற வரிசையில் கச்சிதமாக உட்காரும். இருபதாம் நூற்றாண்டில் செய்தித்தாள், அரசு ஆவணம், பாடநூல் எல்லாவற்றிலும் அதுவே நிலைத்தது. இன்று பிரேசிலில் எழுத்தில் ‘பொலொனேஸ்’தான் முறையான சொல்.

ஆனால் தெற்கே, குறிப்பாகப் பரனாவில், ‘போலாக்கோ’ சாகவில்லை. வெளிர் முடியும் வெளிர்க் கண்ணும் உள்ள யாரையும் அங்கே ‘போலாக்கோ’ என்று கூப்பிடுவது சாதாரணம். போலந்து வழியினர் பலர் இந்தப் பெயரை வேண்டுமென்றே திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ‘பொலொனேஸ் என்பது போலந்தில் பிறந்தவர், நாங்கள் போலாக்கோ, பரனாவில் முளைத்தவர்கள்’ என்ற பொருளில் பேசுகிறார்கள். குரிடிபாக் கவிஞர் பாவ்லோ லெமின்ஸ்கி (1944–1989) தந்தை வழியில் போலந்தியர், தாய் வழியில் ஆப்பிரிக்க வேரும் உள்ளவர். அவரும் தன்னைப் ‘போலாக்கோ’ என்று சொல்லிக்கொண்டவர்தான். வசவாக வந்த பெயரை நிமிர்ந்து நின்று சூடிக்கொள்வதை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனாலும் அது அவர்கள் வாயில் இருக்கும்வரைதான் பெருமை. வெளியாள் சொல்லும்போது பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

இனி தமிழுக்கு வருவோம்.

சில நூல்களிலும் இணையக் கட்டுரைகளிலும் ‘போலியர்’, ‘போலிய மொழி’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தின் ‘போல்’ என்பதோடு ‘இயர்’ விகுதி சேர்த்த ஆக்கம். இலக்கணப்படி தவறே இல்லை. ஆனால் ‘போலிய மொழி’ என்று படித்தவுடன் தமிழ் மனம் எங்கே போகும்? போலி மருந்து, போலிச் சான்றிதழ், போலிச் சாமியார் என்றுதான் போகும். நான் முதன்முதலில் அந்தச் சொல்லைப் பார்த்தபோது ஏதோ குழூஉக்குறி மொழியைப் பற்றிய கட்டுரை என்று நினைத்து இரண்டு பத்தி படித்துவிட்டேன். கொடியில்லாதவர்கள் என்று ஒரு மொழியில் ஏச்சுக் கேட்ட மக்களை, நம் மொழியில் தெரியாத்தனமாகக்கூடப் போலிகள் ஆக்கவேண்டாம். ‘போலந்தியர்’ என்பதே நல்ல சொல். ‘இந்தியர்’, ‘பிரேசிலியர்’ போல இயல்பாக வருகிறது. மொழியைப் ‘போலந்து மொழி’ என்றால் போதும். பேச்சில் ‘போலந்துக்காரர்’ என்பதும் சரிதான்.

ஆனால் நான்கு தலைமுறையாக பிரேசிலில் இருக்கிறவரைப் போலந்துக்காரர் என்பது பொருந்தாது. காரன் என்றால் அந்த ஊரான் என்றாகிவிடும். ‘வம்சாவளி’ பரவலாகப் புழங்கும் சொல், அதில் குறை காண மாட்டேன். எனக்குப் பிடித்தது ‘போலந்து வழியினர்’. சுருக்கம், பேசவும் எளிது. முழுதாகச் சொல்லவேண்டிய இடத்தில் ‘போலந்து வழி வந்த பிரேசிலியர்’. சொல்லே பேசுபொருளாக இருக்கும் இடத்தில், இந்தக் கட்டுரையில் செய்ததுபோல், ‘போலாக்கோ’ என்று அப்படியே எழுதிவிடலாம்.

அப்புறம் ‘பொலோனியா’. இலத்தீனில் அது நாட்டின் பெயர். போலந்து மொழியிலோ வெளிநாடுகளில் வாழும் போலந்தியர் அனைவரையும் ஒருசேரக் குறிக்கும் சொல். நாட்டை அவர்கள் அப்படிச் சொல்வதில்லை, அது ‘போல்ஸ்கா’. எனவே ‘பிரேசில் பொலோனியா’ என்று எங்காவது வந்தால் அது ஊரோ மாநிலமோ இல்லை, மக்கள். தமிழில் இதற்கு நேரான சொல் கையிலேயே இருக்கிறது. ‘அயலகத் தமிழர்’ என்கிறோம் இல்லையா? அதேபோல ‘அயலகப் போலந்தியர்’. ‘புலம்பெயர் போலந்தியர்’ என்றும் சொல்லலாம். இந்த இரண்டாவதில் ஓர் அழகு இருக்கிறது. புலம் என்றால் நிலம், வயல். விளைபுலம் என்கிறோமே, அந்தப் புலம். பட்டினப்பாலையே காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து வாழ்ந்த பிறநாட்டாரைப் ‘புலம்பெயர் மாக்கள்’ என்கிறது. வயல் என்ற சொல்லிலிருந்து பெயர் பெற்று, வயலுக்காகவே ஊரைவிட்டுப் போனவர்களுக்குப் புலம்பெயர்ந்தோர் என்ற சொல் எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். ‘போலே’, ‘புலம்’ என்ற ஒலி ஒற்றுமை தற்செயல்தான். வேர் ஒன்று என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

பரனாவைப் பற்றி எழுதுகிறவர்கள் தடுக்கி விழும் இன்னொரு சொல் ‘கொலோனியா’. அதைக் ‘காலனி’ என்று பெயர்த்தால் நமக்கு நகர்ப்புறத்துக் குடியிருப்போ வெள்ளையர் ஆட்சியோதான் நினைவுக்கு வரும். அங்கே அது காட்டை அளந்து, துண்டுபோட்டு, குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுத்த நிலங்களின் தொகுதி. ‘குடியேற்ற ஊர்’ எனலாம். அங்கிருப்பவர் ‘கொலோனோ’, அதாவது குடியேறிய உழவர். ‘காலனியவாதி’ என்று எழுதினால் கோடரியும் கையுமாக அரௌகாரியா என்ற ஊசியிலை மரத்தை வெட்டியவரை ஆளவந்த துரையாக்கிவிடுவோம். அந்த அரௌகாரியா மரத்தைப் போர்த்துக்கீசியத்தில் ‘பின்யெய்ரோ’ என்பார்கள். போலந்தியர் அதைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி ‘பின்யோர்’ ஆக்கிக்கொண்டார்கள். அந்த மரத்தை அடுக்கித்தான் வீடு கட்டினார்கள். பழைய குடியேற்ற ஊர்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த அப்படிப்பட்ட வீடுகளைக் குரிடிபாவின் ‘போப் சோலை’யில் இன்றும் பார்க்கலாம். போலந்தில் பிறந்த போப் இரண்டாம் ஜான் பால் 1980 ஜூலையில் அந்நகருக்கு வந்ததன் நினைவாக அமைத்த சோலை அது.

மொழி மட்டும் அவ்வளவு பத்திரமாக இருக்கவில்லை. பிரேசில் அதிபர் கெட்டுலியோ வர்காஸின் ஆட்சி 1938இல் அயல்மொழிப் பள்ளிகளைத் தடைசெய்தது. போலந்து மொழியில் நடந்துவந்த நூற்றுக்கணக்கான ஊர்ப்பள்ளிகள் அதோடு போயின. வீட்டிலும் கோவிலிலும் மட்டும் மொழி மிஞ்சியது.

அதன் தடம் பெயர்களில் தெரியும். போலந்து மொழியில் குடும்பப் பெயருக்கு ஆண்பால் பெண்பால் உண்டு: ஆண் ‘கொவால்ஸ்கி’ என்றால் பெண் ‘கொவால்ஸ்கா’. பிரேசில் பதிவேடு அந்த வேறுபாட்டை அறியாது. அதனால் அங்கே பெண்களும் ‘ஸ்கி’தான். போலந்து இலக்கணம் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அதைத் திருத்தி ‘ஸ்கா’ என்று எழுத நினைக்கலாம். வேண்டாம். குரிடிபாவில் வாழும் ஒரு பெண் கொவால்ஸ்கி என்றால் தமிழிலும் அவர் கொவால்ஸ்கிதான். ‘ஸ்கா’ அவருடைய கொள்ளுப்பாட்டியின் கல்லறைக் கல்லில் இருக்கும்.