சார்காய்டோசிஸ்: புற்றும் இல்லை, போலியும் இல்லை

சார்காய்டோசிஸ் என்பது நோய் எதிர்ப்புச் செல்கள் உடலுறுப்புகளில், பெரும்பாலும் நுரையீரலில், சிறு சிறு திரள்களாகச் சேர்ந்துவிடும் நோய். அது எப்படித் தொடங்குகிறது, எப்படி முற்றுகிறது என்ற மூலக்கூறு ஆய்வுகளைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை படித்தேன். தலைப்பிலேயே 'சதைப்புற்று'. இந்தக் கண்ணராவியைப் பார்ப்பது எனக்கு இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவை பேசாமல் இருந்துவிட்டேன்.

கிரேக்கத்தில் 'சார்க்ஸ்' என்றால் சதை, 'ஆய்டு' என்றால் போன்றது, 'ஓசிஸ்' என்றால் நோய்நிலை. 1899இல் நார்வே தோல் மருத்துவர் சீசர் போக், தோலில் வந்த முடிச்சுகளை நுண்ணோக்கியில் பார்த்தார். சார்கோமா என்ற புற்றின் செல்களைப் போலத் தெரிந்ததால் 'சார்காய்டு' என்று பெயர் வைத்தார். ஆனால் அவரே 'தீங்கற்ற' என்ற அடைமொழியையும் சேர்த்திருந்தார். நம் மொழிபெயர்ப்பாளர் அடைமொழியை உதறிவிட்டுப் புற்றைப் பிடித்துக்கொண்டார். பலருக்குச் சில ஆண்டுகளில் தானாகவே அடங்கிவிடும் நோய் இது. அதற்குப் போய்ப் புற்று என்று பெயர் வைத்தால் படிக்கிற நோயாளி என்ன ஆவார்?

இன்னொரு கூட்டம் 'சதைப்போலி நோய்' என்கிறது. 'ஆய்டு' என்பதற்குப் 'போலி' சரிதானே என்று வாதாடுகிறார்கள். ஐந்து அஞ்சு ஆவதைப் போலி என்று இலக்கணம் சொல்லலாம். தெருவில் போலி என்றால் போலி மருந்து, போலி டாக்டர். உண்மையில் நோயே இல்லை, நடிக்கிறார் என்றல்லவா பொருள்படும்? அப்புறம், இதில் சதை எங்கே இருக்கிறது? பெரும்பாலும் பாதிக்கப்படுவது நுரையீரலும் நிணநீர்க் கணுக்களும். சீசர் போக்கின் கண்ணுக்குத் தெரிந்த ஒரு சாயலை நூறாண்டு கழித்து நாம் ஏன் தமிழில் புதுப்பிக்க வேண்டும்?

நுண்ணோக்கியில் தெரிவது வேறு. கிருமிகளை விழுங்கும் பெருவிழுங்கிச் செல்கள் (மேக்ரோபேஜ்) ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டி நிற்கும். சில ஒன்றாகிப் பல உட்கருக்கள் கொண்ட ராட்சதச் செல்லாகும். சுற்றிலும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் வேலி கட்டும். அவை சுரக்கும் இன்டர்பெரான் காமா என்ற சைகைப் புரதமும், பெருவிழுங்கிகள் விடும் டிஎன்எப் என்ற அழற்சிப் புரதமும் இந்தத் திரளைக் கலையவிடாமல் வைத்திருக்கின்றன. எம்டார் என்ற வளர்ச்சிச் சைகை பெருவிழுங்கிகளில் ஓயாமல் எரிந்தாலே எலிகளில் இப்படித் திரள் உண்டாவதை 2017இல் காட்டினார்கள். தூண்டிவிடுவது எது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. நோய் எதிர்ப்புச் செல்களுக்கு அந்நியப் பொருளைக் காட்டிக்கொடுக்கும் எச்எல்ஏ மரபணுக்களின் வகைக்கும் இதில் பங்குண்டு.

இந்தத் திரளுக்குப் பெயர் கிரானுலோமா. லத்தீனில் சிறு மணி. நம்மிடம் 'குருணை' இருக்கிறதே! உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் கூச்சமில்லாமல் சொல்கிறோம். 'குருணைத்திரள்' என்பேன், 'கட்டி' சேர்த்தால் மறுபடி புற்று வந்து உட்கார்ந்துவிடும். நோய்க்கே 'குருணைத்திரள் நோய்' என்று வைக்கலாமா? கூடாது. காசநோயிலும் தொழுநோயிலும் அதே திரள் உண்டு. ஆகவே நோய்க்குச் சார்காய்டோசிஸ் என்றே எழுதிவிட்டு, முதல் வரியில் விளக்கம் கொடுத்தால் போதும். தூய தமிழ் அன்பர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

அந்தக் கட்டுரையில் இன்னொரு முத்து: 'பாலாடைக்கட்டியற்ற' திரள்களாம். காசநோய்த் திரளின் நடுப்பகுதி செத்துச் சீஸ் போல ஆகிவிடும், சார்காய்டோசிஸில் பெரும்பாலும் அப்படி ஆகாது, அவ்வளவுதான். 'நடு சாகாத குருணைத்திரள்' என்று எழுத யார் தடுத்தார்கள்?