ஒரு விரற்கடை தள்ளினால் வேறு கிட்டார்

மின்கிட்டார் வாசிப்பவர் பெரும்பாலும் நின்றுகொண்டு வாசிக்கிறார். அவருடைய ஸ்பீக்கரோ தரையில், முழங்கால் உயரத்தில் இருக்கிறது. வேண்டுமென்றே கரகரப்பாக்கிய ஒலியுள்ள டிஸ்டார்ஷன் கிட்டாரைப் பதிவு செய்யும்போது நேரும் ஏமாற்றங்களில் பாதிக்கு இந்த உயர வேறுபாடே காரணம் என்பேன். அறையில் கனமாகவும் இதமாகவும் கேட்ட ஒலி, பதிவில் எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் சீறுகிறது. வாசித்தவர் மைக்கைக் குறை சொல்கிறார். மைக் பொய் சொல்லவில்லை, அவர் காது போகாத இடத்தில் நின்று அது கேட்டிருக்கிறது.

கிட்டாருக்கான ஸ்பீக்கர் பொதுவாக 12 அங்குலம், அதாவது ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் விட்டம் கொண்டது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர், அதன் முன் ஸ்பீக்கர் ஒரு புள்ளிதான் என்பதால், அந்த ஒலி எல்லாத் திசையிலும் பரவுகிறது. 5,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 7 சென்டிமீட்டராகக் குறைந்துவிடுவதால், அந்த ஒலி டார்ச் விளக்கின் கற்றைபோல நேர் முன்னே மட்டும் பாய்கிறது. நின்றிருப்பவரின் காலருகே அது கடந்துபோய்விட, ஒலி மந்தமாக இருப்பதாக எண்ணி அவர் உயர் ஒலியைக் கூட்டும் ட்ரெபிள் திருகைத் திருப்புகிறார். அதன் பிறகு, அந்தக் கற்றைக்கு நடுவில் மைக்கை வைக்கிறோம்.

சுத்தமான ஒலியில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம், டிஸ்டார்ஷனில் முடியாது. கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் தன் எல்லைக்கு மேல் உந்தப்படும்போது அலையின் முகடுகள் வெட்டுண்டு தட்டையாகின்றன. அந்தக் கூரிய முனைகள் புதிய மேற்சுரங்களாக வெளிப்படுகின்றன. கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில் அதிர்ந்தால் 164, 246 என்று தொடங்கி ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் வரை அதன் மடங்குகள் வலுவாக எழும். இரு சுரங்களைச் சேர்த்து வாசித்தால் அவற்றின் கூட்டலும் கழித்தலும்கூட ஒலியாகின்றன. ச–ப இணையில் 110, 165 ஹெர்ட்ஸ் சுரங்கள் மோதினால் கிடைப்பது 55 ஹெர்ட்ஸ். அது கீழ் ஸ்தாயி ஷட்ஜமே. ராக் இசை இந்த இணையை விடாமல் பற்றிக்கொண்டிருப்பதற்கு இது ஒரு காரணம். காந்தாரத்தையும் சேர்த்தால் கழித்தல்கள் சுருதியோடு அவ்வளவு நேர்த்தியாக ஒட்டாமல் கலங்கிவிடும்.

இத்தனை மேற்சுரங்களையும் அப்படியே கேட்க எந்தக் காதாலும் இயலாது. நல்ல வேளையாக, கிட்டார் ஸ்பீக்கரில் உயர் ஒலிக்கென்று தனியாக ட்வீட்டர் கிடையாது. 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் ஒலி செங்குத்தாகச் சரிகிறது. எனவே ஸ்பீக்கர் இங்கே ஒரு வடிகட்டி, இன்னும் சரியாகச் சொன்னால் இசைக்கருவியின் ஓர் உறுப்பு. ஆம்பிலிருந்து கம்பியை நேராகப் பதிவுக்கருவியில் செருகாமல், இவ்வளவு சிரமப்பட்டு மைக் வைப்பது இதற்காகத்தான்.

மைக்கைத் தேர்வதில் ஒரு கவலை நமக்கு இல்லை. வெட்டுண்ட அலையில் மெல்லியதற்கும் உரத்ததற்கும் இடையே பெரிய வேறுபாடு எஞ்சாததால், நுணுக்கமான ஏற்ற இறக்கங்களைப் பிடிக்கும் திறன் இங்கே முதன்மையானதன்று. உரத்த ஒலியைத் தாங்க வேண்டும். எந்தப் பகுதியை உயர்த்தி எதைத் தாழ்த்துகிறது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஷூர் நிறுவனம் 1965-இல் வெளியிட்ட எஸ்எம்57 இன்றும் முதலில் எடுக்கப்படுவதற்கு இதுவே காரணம். சவ்வோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தப்புலத்தில் அசையும் எளிய டைனமிக் மைக் அது. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் உணர்திறன் குறைகிறது. 6,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு மேடு எழுகிறது. பிற பதிவுகளில் குறை எனக் கருதத்தக்க இவ்விரண்டும் இங்கே பொருந்திப் போகின்றன.

தாழ் ஒலிச் சரிவு எப்படிப் பொருந்துகிறது என்றால், இத்தகைய திசைசார் மைக் தன் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டை அளக்கிறது. ஒலிமூலத்தை நெருங்க நெருங்க, முன்புறம் கூடுதல் அருகில் இருப்பதாலேயே அங்கு அழுத்தம் மிகுகிறது; அலைநீளம் பெரிதான தாழ் ஒலிகளில், அலை முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் சற்று முன்பின்னாக வந்து சேர்வதால் எழும் வேறுபாடு அற்பம் என்பதால், இந்த மிகுதி அங்கேதான் துலக்கமாகத் தெரிகிறது. ஸ்பீக்கர் துணியை முத்தமிடும் தூரத்தில் வைத்த மைக்கில் அடிச்சுரம் வீங்குவது இதனால்தான். எஸ்எம்57-இன் இயல்பான சரிவு அந்த வீக்கத்தைப் பெருமளவு ஈடுசெய்து, பேஸ் கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் இடம் விடுகிறது.

ரிப்பன் மைக் வேறு குணம் கொண்டது. 1998-இல் வந்த ராயர் ஆர்-121-இல், 2.5 மைக்ரான் தடிமனுள்ள அலுமினிய நாடா ஒன்று காந்தங்களுக்கிடையே தொங்குகிறது. அதன் உயர் ஒலி மென்மையானது. சீறலை மழுக்கி உடலைத் தருகிறது. கண்டென்சர் மைக் எல்லாவற்றையும் துல்லியமாகப் பிடிக்கும். நமக்கு வேண்டாத சீறலையும் சேர்த்து. என்னைக் கேட்டால் அதை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, அறையின் எதிரொலிக்காக வைப்பதே நல்லது.

ஆனால் மைக்கை மாற்றுவதற்கு முன் அதை நகர்த்திப் பார்க்க வேண்டும். நான்கு ஸ்பீக்கர் கொண்ட பெட்டியில் நான்கும் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டு ஒன்றைத் தேர்ந்துகொண்டு, துணி வழியே டார்ச் அடித்து, நடுவிலுள்ள தூசி மூடியும் அதைச் சுற்றி அதிரும் கூம்பும் சேரும் வட்டத்தைக் கண்டுபிடிக்கலாம். அங்கிருந்து தொடங்குவதே வழக்கம். உயர் அதிர்வெண்களில் கூம்பு முழுவதும் ஒன்றாக அசைவதில்லை. கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளை ஒட்டிய நடுப்பகுதியே அவற்றைப் பெரிதும் எழுப்புகிறது. ஆகவே மையத்தில் ஒலி கூர்மையாகவும், விளிம்பை நோக்கிப் போகப் போக இருண்டும் இருக்கும். ஒரு விரற்கடை தள்ளினால் வரும் மாற்றத்தை அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ திருகால் கொண்டுவருவது கடினம். யாரும் வாசிக்காதபோது ஆம்ப் எழுப்பும் ‘ஸ்’ என்ற இரைச்சலை ஹெட்ஃபோனில் கேட்டபடி மைக்கை மெல்ல நகர்த்தினால், அந்த மாற்றம் பாட்டைவிடத் தெளிவாகக் காதில் விழும். ஹெட்ஃபோனின் ஒலியளவைக் குறைத்துவைத்து, தந்திகளை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

இரண்டு மைக் வைத்தால் தூரக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. ஒன்றைவிட மற்றொன்று 3.4 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால், 5,000 ஹெர்ட்ஸில் அரை அலைநீள வித்தியாசம் விழுந்து, இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். 17 சென்டிமீட்டர் என்றால் அந்தக் குழி 1,000 ஹெர்ட்ஸுக்கு, கிட்டாரின் நடுநெஞ்சுக்கே வந்துவிடும். ஒரு மைக்கின் துருவத்தை, அதாவது அதன் மின்னலையின் மேடு பள்ளங்களை, தலைகீழாக்கி, ஒலி மிக மெலிந்து கேட்கும் இடம் வரை அதை நகர்த்தி, பிறகு துருவத்தைப் பழையபடி மாற்றிவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும். சுவீடன் ஒலிப்பதிவாளர் ஃப்ரெட்ரிக் நோர்ட்ஸ்ட்ரோமின் ஸ்டூடியோ ஃப்ரெட்மேனின் பெயரால் அழைக்கப்படும் முறை இதன் அழகான எடுத்துக்காட்டு. அதில் இரண்டு எஸ்எம்57-கள் ஒரே தூரத்தில் அருகருகே நிற்கின்றன; ஒன்று நேராகவும் மற்றொன்று ஏறத்தாழ 45 பாகை சாய்ந்தும் ஸ்பீக்கரைப் பார்க்கின்றன. சாய்ந்த மைக்கில் உயர் ஒலி குறைவதால், இரண்டின் அளவுகளைக் கூட்டிக் குறைத்தே கூர்மையைச் சரிசெய்யலாம்.

இடம் அமைந்ததும் துணியிலும் தரையிலும் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்வது வழக்கம். இதே பகுதியை ஸ்டீரியோவின் வலப்புறத்துக்காக இன்னொரு முறை வாசிக்க வேண்டியிருக்கும். அதற்குள் யாரேனும் ஸ்டாண்டைக் காலால் இடறியிருப்பார்கள்.