கண்காணிப்புக் கோபுரம் இல்லைங்க, சூழ்நோக்குக் கூடம்

நடுவில் மறைந்திருக்கும் ஒருவர் சுற்றிலும் இருக்கும் எல்லோரையும் பார்க்கும்படி திட்டமிட்ட கட்டடத்துக்குப் பனாப்டிகான் என்று பெயர். இந்தச் சொல் எங்கே வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு 'கண்காணிப்புக் கோபுரம்' என்று எழுதிவிடுகிறார்கள். கொடூரமான கற்பனைச் சமூகத்தைக் காட்டும் டிஸ்டோபியா நாவல்களைப் பற்றிய கட்டுரைகளில் இதுதான், போன வாரம் தருமபுரியில் ஒரு வாசகர் கூட்டத்திலும் இதுதான். பேசியவர் நல்ல படிப்பாளி, அவர் கையிலிருந்த மொழிபெயர்ப்பில் அப்படி அச்சாகியிருந்தது, அவர் என்ன செய்வார்.

சொல்லின் பிறப்பில் சிக்கல் எதுவும் இல்லை. கிரேக்கத்தில் 'பான்' என்றால் எல்லாம், 'ஆப்டிகோஸ்' என்றால் பார்வை சார்ந்தது. ஆங்கிலேயத் தத்துவவாதி ஜெரமி பெந்தாம் 1787இல் ரஷ்யப் பேரரசிலிருந்து எழுதிய கடிதங்களில் தன் கட்டடத் திட்டத்துக்கு இந்தப் பெயரை வைத்தார், 1791இல் அது நூலாக வந்தது. மூல யோசனை அவருடைய தம்பி சாமுவேலுடையது.

கட்டடம் வட்டமானது. ஓரத்தில் சுற்றிலும் அடுக்கடுக்காக அறைகள், நடுவில் காவலர் இருக்கும் இடம். ஒவ்வோர் அறைக்கும் வெளிப்பக்கம் ஒரு சன்னல், உள்பக்கம் கம்பி. பின்னாலிருந்து வெளிச்சம் விழுவதால் உள்ளே இருப்பவன் கையைத் தூக்கினாலும் நடுவிலிருந்து தெரியும். ஆனால் நடுவிலிருக்கும் சன்னல்களுக்குத் தட்டி, உள்ளே குறுக்குத் தடுப்புகள், காவலரின் நிழல்கூட வெளியே தெரியக் கூடாது என்று அவ்வளவு ஏற்பாடு. அவர் இருக்கிறாரா, சாப்பிடப் போய்விட்டாரா என்று கைதிக்குத் தெரியவே தெரியாது, அதனாலேயே எந்நேரமும் அடங்கி இருப்பான். சூட்சுமமே அந்தத் தெரியாமைதான்.

இப்போது 'கண்காணி'யை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையிலும் மலேயாவிலும் தோட்டக் கூலிகளை வேலை வாங்கியவர் கண்காணி, ஆங்கிலமே அந்தச் சொல்லை நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டது. அவர் எதிரிலேயே நிற்பார், திட்டுவார், பேர் போடுவார். அதோடு 'கோபுரம்' சேர்ந்தால் இன்னும் கெட்டது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் ராகிக் கொல்லையில் யானைக்குக் காவல் இருப்பவர்கள் பரண் கட்டி, ராத்திரியெல்லாம் டார்ச் அடித்து, தகரம் தட்டி, கத்திக்கொண்டிருப்பார்கள். ஆள் இருப்பது யானைக்குத் தெரிந்தால்தானே காவல்! 'கண்காணிப்புக் கோபுரம்' என்ற பெயரை அந்தப் பரணுக்குக் கொடுங்கள், தாராளமாகப் பொருந்தும். பெந்தாமின் கட்டடம் அதற்கு நேர் எதிர்.

'அனைத்தும் காணும் சிறை' என்றும் எழுதலாமே என்பார்கள். கிரேக்கத்துக்கு அது நெருக்கம்தான், ஆனால் ஆயிரங்கண்ணுடையாள் மாதிரி பக்தி வாசம் அடிக்கிறது, 'சிறை' என்பதும் தப்பு. தொழிற்சாலை, மருத்துவமனை, மனநோய் விடுதி, பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றுக்கும் இந்த வடிவம் ஆகும் என்று பெந்தாம் தன் நூலின் நீண்ட தலைப்பிலேயே எழுதிவைத்திருக்கிறார்.

என் ஓட்டு 'சூழ்நோக்குக் கூடம்' என்பதற்கு. நடுவிலிருந்து சுற்றிலும் பார்ப்பது வந்துவிடுகிறது, 'சூழ்' என்பதில் சூழ்ச்சியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பார்ப்பவர் மறைந்திருப்பது நேராக வரவில்லை, சரி, ஒரு சொல் எல்லாவற்றையும் சுமக்காது. நாவல்களுக்கு இது இன்னும் வசதி: சூழ்நோக்கு நகரம், சூழ்நோக்கு வீடு என்று நீட்டிக்கொள்ளலாம். பிடிக்காதவர்கள் பேசாமல் பனாப்டிகான் என்றே எழுதட்டும், தப்பான தமிழுக்கு அது எவ்வளவோ மேல்.

ஏன் இவ்வளவு மல்லுக்கட்டு என்றால், 1949இல் வந்த ஆர்வெல்லின் '1984' நாவலையே பாருங்கள். நாயகன் வின்ஸ்டன் வீட்டில் அவனை அடக்கிவைப்பது சுவரில் இருக்கும் தொலைத்திரை, எந்த நேரத்தில் அதன் வழியாகப் பார்க்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. அங்கே 'கண்காணிப்புக் கோபுரம்' என்று விளக்கம் எழுதினால் படிக்கிறவர் இல்லாத கோபுரத்தைத் தேடுவார். ரஷ்ய எழுத்தாளர் சம்யாட்டினின் 'நாம்' நாவலில் கண்ணாடி வீடுகள், அக்கம்பக்கத்தார் எல்லோரும் எல்லோரையும் பார்க்கலாம், அதற்கும் இதே சொல்லைத் தூக்கிப் போடுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு பயம், வெவ்வேறு கட்டடம். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் புரட்டுகிற அளவுக்குக் கட்டடத்தின் வரைபடத்தைப் பார்ப்பதில்லை. பெந்தாமுக்காகக் கட்டடக் கலைஞர் வில்லி ரெவ்லி வரைந்த படம் இணையத்தில் சும்மா கிடைக்கிறது, அடுத்த பதிப்புக்கு முன்னால் ஒரு தடவை திறந்து பார்த்தால் போதும்.