தெருவிளக்கில் என்ன ரகசியம் என்று இன்னொரு முறை கேட்காதீர்கள்

போன வாரம் ஒரு தெருவிளக்குத் திட்டத்தின் வடிவமைப்பைச் சரிபார்க்கக் கொடுத்தார்கள். விளக்குகளை ஏற்றி அணைக்கும் எல்லா கன்ட்ரோலர்களுக்கும் ஒரே பாஸ்வேர்டு. விளக்குக்கும் சர்வருக்கும் இடையே செய்திகளை வாங்கிக் கொடுக்கும் எம்கியூடிடி புரோக்கர் 1883 போர்ட்டில், குறியாக்கம் இல்லாமல், இணையத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. இந்த வருடத்தில் இப்படி நான் பார்ப்பது இது மூன்றாவது. மூன்று இடத்திலும் ஒரே பதில்: "விளக்கு எரியுதா இல்லையாங்கிறதுல என்ன சார் ரகசியம்?"

சரி, ரகசியம் இல்லைதான். ஆனால் 'அணை' என்ற கட்டளையும் அதே வழியில்தானே போகிறது? பூட்டாத புரோக்கரில் படிக்கத் தெரிந்தவன் எழுதவும் செய்வான். 2017 ஏப்ரலில் அமெரிக்காவின் டாலஸ் நகரத்தில் நள்ளிரவை ஒட்டி 156 அபாயச் சங்குகள் ஒன்றாக அலறின. யாரோ ரேடியோ அலையில் போலிக் கட்டளை அனுப்பியிருந்தார்கள். பயந்துபோன மக்கள் அவசர எண்ணை ஆயிரக்கணக்கில் அழைத்தார்கள். அந்தச் சங்கில் மட்டும் என்ன ரகசியம் இருந்தது?

"சின்னக் கருவிதானே" என்பது அடுத்த சமாதானம். 2016இல் மிராய் என்ற தீய நிரல் அறுபது சொச்சம் பாஸ்வேர்டுகளை, பெரும்பாலும் கம்பெனியில் போட்டு அனுப்பியவற்றை, வைத்துக்கொண்டே கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அந்த அக்டோபரில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்கு மணிக்கணக்கில் திறக்காமல் போனதற்கு அந்தச் சின்னக் கருவிகள் ஒன்றாகச் சேர்ந்து குவித்த போலிக் கோரிக்கைகள்தான் காரணம். பிரிட்டனில் 2024 ஏப்ரலிலிருந்து வீட்டுக் கேமராவைக்கூடப் பொதுவான பாஸ்வேர்டோடு விற்க முடியாது. ஊர் முழுக்க மாட்டும் கன்ட்ரோலருக்கு அதைவிடக் குறைவாகவா கேட்பது?

ஒவ்வொரு கருவிக்கும் தனிக் குறியாக்கச் சாவி வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதுங்கள். கம்பத்தில் ஏற்றியபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அப்புறம் கம்பத்துக்குக் கம்பம் ஏணிதான். புரோக்கரை, போகும் செய்தியைக் குறியாக்கும் டிஎல்எஸ்ஸோடு 8883 போர்ட்டுக்கு மாற்றுங்கள். ஒரு விளக்கு தன் டாபிக்கை, அதாவது புரோக்கரில் தனக்கென்று இருக்கும் செய்தித் தடத்தை, தவிர வேறெதையும் தொடக்கூடாது. குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் பேசும் ரேடியோ முறையான லோராவானில் ஒரு செய்திக்குக் கிடைக்கும் இடம் குறைவு என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். 128 பிட் ஏஇஎஸ் குறியாக்கம் அதற்குள்ளேயே இருக்கிறது, சாவியைப் பத்திரமாக வைப்பது மட்டும்தான் உங்கள் வேலை. கருவிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரின் அப்டேட்டில் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்காத கருவியை வாங்கவே வாங்காதீர்கள்.

கடைசியாக, கெஞ்சிக் கேட்கிறேன். திட்டத்தை ஒப்படைப்பதற்கு முன் ஒரு சாயங்காலம், விளக்குகளைச் சர்வரோடு இணைக்கும் கேட்வேயை அணைத்துவிட்டுத் தெருவில் போய் நில்லுங்கள். சர்வர் சொல்லாமலே, இருட்டும்போது விளக்கு தானாக எரிய வேண்டும். எரியாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.