டால்பின் வந்தால் முதலில் கரையைப் பாருங்கள்

திறந்த கடலில் நீச்சல் கற்றுக்கொடுப்பது என் வேலை. ஜெல்லி மீன், நீரோட்டம், தசைப்பிடிப்பு என்று தண்ணீரில் இறங்கும் முன் எல்லாவற்றையும் பேசிவிடுவேன். டால்பினைப் பற்றி மட்டும் ஒருநாளும் பேசியதில்லை. அதில் என்ன ஆபத்து இருக்கப்போகிறது என்ற நினைப்புதான்.

ஒரு காலைப் பயிற்சியில் ஐந்து பேர் கரைக்கு இணையாக நீந்திக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் கயாக்கில் இருந்தேன். திடீரென்று சற்றுத் தள்ளி ஒரு முதுகுத்துடுப்பு தெரிந்தது. "சுறா!" என்று ஒருவர் அலறினார். அடுத்த நொடியே இன்னும் நான்கைந்து துடுப்புகள், கூடவே 'புஸ்... புஸ்' என்று மூச்சு விடும் சத்தம். டால்பின் கூட்டம்! அலறியவர் அதற்குள் கரையை நோக்கித் திரும்பிவிட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சந்தோஷத்தில் கூவிய இன்னொருவரைத்தான் நான் துரத்திப் பிடிக்க வேண்டியதாயிற்று. கூட்டத்தின் பின்னாலேயே போய்விட்டார். நான் கூப்பிட்டது காதில் விழவில்லை. போய்ச் சேர்ந்தபோது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, மிதவையைக் கட்டிக்கொண்டு கிடந்தார். "நான் அங்கேயேதானே சார் இருந்தேன்?" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. நீந்துகிறவரின் கண் நீர்மட்டத்துக்கு மேலே ஒரு சாண்கூட இருக்காது. சின்ன அலை எழும்பினாலே கரை மறைந்துவிடும். அதனால்தான் சில கைவீச்சுகளுக்கு ஒருமுறை தலையைத் தூக்கிக் கரையைக் குறிபார்க்கப் பழக்குகிறோம். டால்பினைக் கண்டதும் முதலில் மறந்துபோவது அதுதான். துரத்தி எட்டிப்பிடிக்கவும் முடியாது. பாட்டில்நோஸ் வகை டால்பின் அவசரத்துக்கு மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். நம்மில் பெரும்பாலோருக்குக் கடலில் 3 கிலோமீட்டரே அதிகம். நம்மோடு சேர்ந்து நீந்துகிறதென்றால், அதுதான் வேகத்தைக் குறைத்திருக்கிறது.

சரி, சுறாவா டால்பினா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டால்பினின் துடுப்பு வளைந்து எழுந்து, வளைந்தே அமிழும். சுறாவின் துடுப்பு ஒரே மட்டத்தில் நீரைக் கிழித்துக்கொண்டு போகும். பதற்றத்தில் இதையெல்லாம் யார் கவனிப்பது என்பீர்கள். 'புஸ்' சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். சுறாவுக்கு மேலே வந்து மூச்சுவிடும் வேலை இல்லை.

டால்பின் இருந்தால் சுறா வராது என்று பலர் நம்புகிறார்கள். 2004இல் நியூசிலாந்தின் வாங்கரே அருகே நீந்திய உயிர்காப்பாளர்களை டால்பின்கள் சூழ்ந்துகொண்டதும், அருகில் பெரிய வெள்ளைச் சுறா தென்பட்டதும் உலகச் செய்தியானது. அழகான சம்பவம்தான். ஆனால் இரண்டும் ஒரே மீன் கூட்டத்தைத் தேடி ஒரே இடத்துக்கு வரக்கூடியவை. அதை நம்பி அசட்டையாக இருக்க மாட்டேன்.

அப்புறம் அந்தச் சிரிப்பு. தாடையின் அமைப்பே அப்படி. கோபத்திலும் அதே முகம்தான். அதனால் முகத்தை விட்டுவிட்டு உடலைக் கவனிக்க வேண்டும். வாலால் நீரை ஓங்கி அறைவது, தாடையைப் படபடவென அடிப்பது, தலையை வெடுக்கென்று ஆட்டுவது ஆகியவை 'தள்ளிப் போ' என்பதன் அடையாளங்கள். குட்டி கூட இருந்தால் தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் போகவே கூடாது. தண்ணீருக்குள் 'டிக் டிக்' என்றோ, எண்ணெய் காணாத கதவு போலவோ சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். எதிரொலியை வைத்து உங்களை அளந்து பார்க்கிறது.

கூட்டத்தைவிட எனக்குக் கவலை தருவது, கூட்டத்தைப் பிரிந்து கரையோரம் சுற்றும் ஒற்றை டால்பின். மனிதரோடு பழகிப்பழகி அதற்குக் கூச்சம் போயிருக்கும். தொடுவதும் சீண்டுவதும் கூடக்கூட முரட்டுத்தனமும் கூடும். பிரேசிலில் 1994இல் அப்படி ஒன்று தன்னைத் தொல்லைப்படுத்தியவர்களைத் தாக்கியதில் ஒருவர் இறந்தார். ஜப்பானின் மிஹாமாவில் 2023 ஜூலையில் ஒன்று மோதி, அறுபதைக் கடந்த ஒருவரின் விலா எலும்பு முறிந்தது. வளர்ந்த பாட்டில்நோஸ் 300 கிலோவைத் தாண்டலாம். விளையாட்டாக இடித்தாலும் இடி இடிதான்.

நம்மால் அதற்கும் தொல்லை உண்டு. ஸ்பின்னர் டால்பின்கள் இரவில் இரை தேடிவிட்டுப் பகலில் கரையோர விரிகுடாக்களில் ஓய்வெடுக்கும். மூளையின் ஒரு பாதி தூங்க, மறு பாதி விழித்திருக்க, நீந்திக்கொண்டே ஓய்வு. அந்த நேரத்தில்தான் நாம் கேமராவோடு இறங்குகிறோம். ஹவாயில் இந்த வகையை 50 கெஜத்துக்குள், அதாவது சுமார் 45 மீட்டருக்குள், நெருங்கக் கூடாது என்று 2021இல் அமெரிக்கா விதி கொண்டுவந்தது. தற்செயலாக அருகில் போய்விட்டால் விலகிவிட வேண்டும்.

நான் இப்போது மாணவர்களிடம் சொல்வது இதுதான்: முதலில் கரையைப் பாருங்கள், பக்கத்தில் நீந்துகிறவரைப் பாருங்கள், அதற்குப் பிறகு டால்பினைப் பாருங்கள். நின்ற இடத்திலேயே கால் உதைத்து மிதக்கலாம். இல்லையென்றால் அதே பாதையில் மெதுவாக நீந்தலாம். கை நீட்டவோ, உணவு போடவோ, முங்கிப் பின்தொடரவோ கூடாது. மிரட்டும் அடையாளம் தெரிந்தால் அதன்மீது ஒரு கண் வைத்தபடி சத்தமில்லாமல் கரைப்பக்கம் நகருங்கள்.

பல் கீறிவிட்டால் சின்னக் காயம் என்று விடாதீர்கள். சுத்தமான நீரில் சோப்பு போட்டு நன்றாகக் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். கடலில், டால்பின் பல் பட்ட காயம் என்று மறக்காமல் சொல்லுங்கள். கடல்நீரில் உள்ள சில கிருமிகளுக்கு வழக்கமான மருந்து போதாது. எதைக் கொடுப்பது என்பதை அந்த ஒரு தகவலை வைத்துத்தான் அவர் முடிவு செய்வார்.