பவர் சப்ளையின் தகரத்தைக் கழற்றும் முன்

போன மாதம் ஒரு தம்பி கையகலக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அலுமினியப் பெட்டி. அவரே வரைந்து, தகடு வெட்டி, துளை போட்டு, கடைசியில் கறுப்பு அனோடைஸ் கொடுத்தது. விளிம்பெல்லாம் அரம் போட்டு வழவழவென்று இருந்தது. "எல்லாம் நல்லா ஓடுதுண்ணா. வெறுங்காலோட தொட்டா மட்டும் லேசா விர்ருங்குது" என்றார்.

என்னிடம் வருகிற பாதிப் பேர் அந்த 'லேசா'வைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள்.

மூடியைத் திறந்தேன். உள்ளே ஃப்ளெக்ஸ் ஏடிஎக்ஸ் என்கிற ஒல்லி ரகப் பவர் சப்ளை, அதாவது சுவர் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற டிசியாக மாற்றுகிற பகுதி இருந்தது, அதன் தகர டப்பாவைக் காணோம். போர்டை மட்டும் உருவி எடுத்து, நான்கு பித்தளைத் தூண்களை வைத்து நேராகப் பெட்டியின் தரையில் முடுக்கியிருந்தார். ஏன் தம்பி என்றேன். பெட்டிக்குள் உயரம் 38 மில்லிமீட்டர், டப்பா 40.5 மில்லிமீட்டர் என்றார். இரண்டரை மில்லிமீட்டருக்காக டப்பா போய்விட்டது.

அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. சின்னப் பெட்டி கட்டுகிறவருக்கு ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணக்கு. சாதாரண ஏடிஎக்ஸ் பவர் சப்ளை 150 × 140 × 86 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட 1.8 லிட்டர் இடம் பிடிக்கும். எஸ்எஃப்எக்ஸ் 125 × 100 × 63.5, அதாவது 0.8 லிட்டர். ஃப்ளெக்ஸ் 150 × 81.5 × 40.5, வெறும் அரை லிட்டர். இவ்வளவு இறங்கி வந்த பிறகு, மேலே இருக்கிற ஒரு மில்லிமீட்டர் தகரமும் வீண் சுமை போலத்தான் தெரியும். போர்டை மூடிவைக்கும் வெறும் உறை என்றே பலரும் அதை நினைக்கிறார்கள். உண்மையில் பாதுகாப்பில் பாதி வேலையை அந்தத் தகரம்தான் பார்க்கிறது. அதைக் கழற்றினால் அந்த வேலை முழுவதும் நம் பெட்டியின் தலையில் விழும்.

முதலில் அந்த 'விர்ர்'. பவர் சப்ளையின் வாசலிலேயே, லைனிலிருந்து பாடிக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து பாடிக்கு ஒன்று என்று இரண்டு சின்ன நீலக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒய் கெப்பாசிட்டர் என்பார்கள். ரேடியோ இரைச்சலை எர்த்துக்கு வடித்துவிடுவது அவற்றின் வேலை. எர்த் சரியாக இருந்தால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எர்த் இல்லாவிட்டால் பாடி முழுவதும் சப்ளையின் பாதி வோல்ட்டேஜில் தொங்கும். 230 வோல்ட் வருகிற இடத்தில் மீட்டர் ஏறக்குறைய 115 காட்டும். ஓடுகிற கரண்ட் பொதுவாக அரை மில்லி ஆம்பியருக்கும் கீழேதான் என்பதால் ஆளைத் தூக்கி எறியாது, விர்ரென்று மட்டும் இருக்கும். பயப்பட வேண்டியது இந்த விர்ரைப் பார்த்து அல்ல. இந்தப் பெட்டிக்கு எர்த் இல்லை என்று அது சொல்கிறதே, அதற்குத்தான். நாளைக்கு உள்ளே ஒரு லைன் ஒயர் நழுவிப் பெட்டியைத் தொட்டால் ஃப்யூஸ் போகாது, பிரேக்கர் விழாது. முழு வோல்ட்டேஜும் பெட்டியில் உட்கார்ந்துகொண்டு யாராவது தொடும்வரை காத்திருக்கும்.

"எர்த் குடுத்திருக்கேனே" என்று அவர் காட்டினார். உண்மைதான். சாக்கெட்டின் நடுப் பின்னிலிருந்து பச்சை மஞ்சள் ஒயர், அதன் நுனியில் அழகாக கிரிம்ப் செய்த லக், அதைப் பெட்டியோடு சேர்த்து ஒரு போல்ட். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரின் ஒரு முனையை எர்த் பின்னிலும் மறுமுனையைப் பெட்டியின் சுவரிலும் வைத்தேன். ஒன்றும் காட்டவில்லை. திறந்த சர்க்யூட். அனோடைஸ் என்பது அலுமினியத்தின் மேல் வளர்த்த ஆக்சைடு. மெல்லிய பீங்கான் பூச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள், நல்ல இன்சுலேட்டர். துளை போட்டு மரை வெட்டிய பிறகு அனோடைஸ் கொடுத்ததால் மரைக்குள்ளும் அதே பூச்சு ஏறியிருந்தது. பவுடர் கோட்டிங்கிலும் இதே கதை. கண்ணுக்கு உலோகம், மீட்டருக்குப் பிளாஸ்டிக். மூடி, பக்கத் தகடு எல்லாம் தனித்தனியாகப் பூசப்பட்டிருந்தால் ஒவ்வொன்றும் தனித்தனித் தீவு. ஒன்றுக்கு எர்த் கிடைத்தால் மற்றதற்கும் கிடைத்ததாக ஆகாது.

இனி உள்ளே நடக்கிற விஷயம். 230 வோல்ட் ஏசியை அப்படியே டிசி ஆக்கினால் உச்சம் 325 வோல்ட். இப்போது வரும் நல்ல பவர் சப்ளைகளில், கரண்ட் இழுப்பைச் சீராக்கும் பிஎஃப்சி சர்க்யூட் அதை 380, 390 வோல்ட்டுக்குத் தூக்கி, பெரிய கெப்பாசிட்டர் ஒன்றில் சேர்த்து வைக்கிறது. 120 வோல்ட் சப்ளை உள்ள நாட்டில் இருப்பவரும் நிம்மதியாக இருக்க முடியாது, அங்கேயும் அந்தக் கெப்பாசிட்டரில் இதே 390தான். 330 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் 390 வோல்ட்டில் நிற்கும்போது அதில் 25 ஜூல் இருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் முனையை உருக்க அது தாராளமாகப் போதும். என் பழைய ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் நுனியில் கடித்தது போல ஒரு பள்ளம் உண்டு, அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன்.

ஆரம்ப காலத்தில் செத்துப்போன ஒரு பவர் சப்ளையை அரை மணி நேரம் முன்பே ப்ளக்கிலிருந்து எடுத்து வைத்திருந்தேன். இவ்வளவு நேரம் ஆகிவிட்டதே என்ற தைரியத்தில் கை வைக்கப் போனதில் கிடைத்த பாடம் அது. நல்ல நிலையில் இருக்கிற சப்ளையில், கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் விழித்திருக்கிற ஸ்டான்ட்பை சர்க்யூட், பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் ஓடி, கெப்பாசிட்டரில் இருப்பதைக் குடித்துத் தீர்த்துவிடும். செத்த சப்ளையில் குடிக்க ஆளில்லை. அதனால் கெட்டுப்போனதுதானே என்று அலட்சியமாகத் திறக்கிற சப்ளைதான் நல்லதை விட ஆபத்தானது. இதைப் பத்து பேரிடம் சொன்னால் ஒன்பது பேருக்குப் புதுசாக இருக்கிறது. வேலை தெரிந்தவர்கள் 2 கிலோ ஓம், 10 வாட் செராமிக் ரெசிஸ்டரின் கால்களை நன்றாக இன்சுலேட் செய்து, கெப்பாசிட்டரின் இரு முனைகளிலும் ஐந்து நொடி பிடித்து வடிப்பார்கள். வடித்த பிறகு மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார்கள். இதைப் படித்துவிட்டு முதல் தடவையாக முயற்சி செய்யலாம் என்று தோன்றினால், தயவுசெய்து வேண்டாம். பக்கத்தில் செய்து காட்ட ஆள் இல்லாமல் பழகுகிற வேலை இல்லை இது.

அந்த 390 வோல்ட்டுக்கும் தகரத்துக்கும் நடுவே தயாரிப்பாளர் இடைவெளியை அளந்து விட்டிருப்பார். போதாத இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை மடித்துச் செருகியிருப்பார். டப்பாவைத் திறந்தால் போர்டின் அடியில் கிடக்குமே, அதுதான். பலர் அதைப் பேக்கிங் தாள் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். இந்தத் தம்பியும் போட்டிருந்தார். அவர் வைத்த தூண் 5 மில்லிமீட்டர். போர்டுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கால்கள் 2 மில்லிமீட்டர். மிச்சம் 3. ஒரு சின்ன ஸ்க்ரூ கழன்று அந்த இடுக்கில் உருண்டால் மிச்சம் எதுவும் இல்லை. நானே பெட்டி செய்தால் சுவர் கரண்ட் ஓடுகிற மெயின்ஸ் பக்கத்துக்கும் எந்த உலோகத்துக்கும் நடுவே 6 மில்லிமீட்டருக்குக் குறைய விடமாட்டேன், அதற்கு மேல் தாளும் போடுவேன். இன்னொன்று, சில சப்ளைகளில் மெயின்ஸ் பக்கத்தில் சூட்டை வாங்கிக்கொள்கிற உலோகத் தகடான ஹீட்சிங்க்கிலேயே கரண்ட் இருக்கும். பளபளவென்று அலுமினியம்தானே என்று மூடியை அதன் மேல் உட்கார வைத்தால் ப்ளக்கைச் செருகிய நொடியில் டமார்.

டப்பாவைக் கழற்றாதவர்கள்கூடச் சறுக்குகிற இடம் ஸ்க்ரூ. பவர் சப்ளையின் துளைகள் பெரும்பாலும் 6-32 என்ற அங்குல மரை. எம்3, அதாவது 3 மில்லிமீட்டர் ஸ்க்ரூவைப் போட்டால் லொடலொடவென்று ஆடும், பிடிக்காது. பிடிக்கட்டும் என்று நீளமான ஸ்க்ரூவாகத் தேடிப் போடுவார்கள். 12 மில்லிமீட்டர் ஸ்க்ரூ உள்ளே எதைத் தொடுகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. தகட்டின் தடிமனோடு 5 மில்லிமீட்டர் சேர்த்தால் போதும், அதற்கு மேல் வேண்டவே வேண்டாம்.

காற்று விஷயத்துக்கு வருகிறேன். ஃப்ளெக்ஸ் சப்ளையில் 40 மில்லிமீட்டர் ஃபேன், கொசு போல ரீங்காரம் போடும். அந்தச் சத்தம் தாங்காமல்தான் பாதிப் பேர் தனிப் பெட்டி யோசனைக்கே வருகிறார்கள். 500 வாட் கொடுக்கிற சப்ளை 85 சதவீதத் திறனில் ஓடினால் 88 வாட் சூடாக உள்ளேயே தங்கும். காற்றின் சூடு 10 டிகிரிக்கு மேல் ஏறாமல் இதை வெளியேற்ற நொடிக்கு 7 லிட்டருக்குச் சற்று அதிகமான காற்று வேண்டும். அந்தக் காற்று எல்லா உறுப்புகளையும் தொட்டுக்கொண்டு போகிற குழாயாக இருப்பதும் தகரம்தான். அதை எடுத்துவிட்டு, பெட்டியின் மூலையில் பெரிய, சத்தமில்லாத ஃபேன் ஒன்றை வைத்தால் காற்று சுலபமான வழியில் போய்விடும். ட்ரான்ஸ்ஃபார்மருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே நுழையாது. கெப்பாசிட்டரின் சூடு 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் கைக்கணக்கு. உடனே ஒன்றும் ஆகாது. இரண்டு வருடம் கழித்து மண்டை வீங்கி என் மேசைக்கு வரும்.

த்ரீடி பிரின்டரில் அச்சடித்த கூடுகளும் இப்போது நிறைய வருகின்றன. அதற்குப் பயன்படும் பிளாஸ்டிக்குகளில் பிஎல்ஏ 60 டிகிரி வாக்கிலேயே இளகத் தொடங்கும், பிஇடிஜி 80 வாக்கில். பவர் சப்ளையிலிருந்து வெளிவரும் காற்றே சில சமயம் இதை எட்டிப் பிடித்துவிடும். ஆனால் வளைவதை விட எனக்குப் பெரிய கவலை எரிவது. பிஎல்ஏ நன்றாகப் பற்றும். யுஎல் 94 வி-0 என்கிற தீப்பாதுகாப்புத் தரம் உள்ள பிளாஸ்டிக்கில் தீயை எடுத்ததும் 10 நொடிக்குள் தானாக அணைய வேண்டும். ஆனால் அந்தத் தரம் குறிப்பிட்ட தடிமனுக்குக் கொடுத்தது. உள்ளே தேன்கூடு போல வெற்றிடம் விட்டு அச்சடித்த சுவருக்கு அது அப்படியே பொருந்தாது. அச்சடித்த கூட்டை அலங்காரத்துக்கு வெளியே வையுங்கள், மெயின்ஸைச் சுற்றி உலோகம் இருக்கட்டும். காற்றுத் துளைகளைச் சின்னதாக, நிறைய போடுங்கள். மேல் பக்கத்தில் 5 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம். விரல் நுழையாவிட்டாலும் காதணி, பின், ஸ்க்ரூ எல்லாம் நுழையும்.

சரி, அப்போ சின்னப் பெட்டி கட்டவே கூடாதா என்றால், கட்டலாம், நானே கட்டியிருக்கிறேன். தகரத்தோடு சேர்த்து உள்ளே வைக்கிற மாதிரி கட்டுங்கள். பின்பக்கத்தில் சாக்கெட் வேறு இடத்தில் வர வேண்டுமென்றால், பெட்டியில் பொருத்துகிற சி14 சாக்கெட்டிலிருந்து (பவர் கேபிள் செருகுகிற மூன்று பின் வாய்) பவர் சப்ளைக்கு ரெடிமேடாக வரும் சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் போதும், எதையும் திறக்க வேண்டியதில்லை. அரை லிட்டரும் அதிகம் என்றால் மெயின்ஸைப் பெட்டிக்கு வெளியிலேயே நிறுத்திவிடலாம். வெளியே லேப்டாப்புக்கு இருப்பது போல ஒரு அடாப்டர், உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு டிசி போர்டு. அங்கேயும் 12 வோல்ட்தானே என்று இளக்காரம் வேண்டாம். 500 வாட் என்றால் 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 42 ஆம்பியர். ஷாக் அடிக்காது, ஆனால் ஒயரைப் பழுக்க வைக்கும்.

அந்தத் தம்பியின் பெட்டிக்கு வருவோம். தகரம் எங்கே என்று கேட்டேன். "வீட்லதான் இருக்கு, ஸ்க்ரூ போட்டு வச்சிருக்கேன்" என்றார். நல்ல வேளை. அந்தப் பிளாஸ்டிக் தாளுக்குப் பதில் அதே அளவில் புதிதாக ஒன்று நான் வெட்டிக் கொடுத்தேன். அவர் பெட்டியை 6 மில்லிமீட்டர் உயர்த்தி, புதுப் பக்கத் தகடுகளோடு அடுத்த வாரம் வந்தார். எர்த் போல்ட் வருகிற இடத்தில் அனோடைஸை வெள்ளை உலோகம் தெரியும் வரை அரத்தால் தேய்த்தோம். எம்4 போல்ட், பல் வைத்த வாஷர், லக், நட்டு, அது இளகாமல் இருக்க மேலே இன்னொரு நட்டு. அந்த போல்ட்டை எர்த்துக்கு மட்டும் விட்டோம், வேறு எதையும் அதில் மாட்டவில்லை. மூடிக்கும் பக்கத் தகடுகளுக்கும் தனித்தனி எர்த் ஒயர். எர்த் ஒயரை லைன், நியூட்ரலை விடக் கொஞ்சம் நீளமாக விட்டோம், கேபிளை யாராவது இழுத்தாலும் கடைசியாகப் பிடுங்கிக்கொண்டு வருவது அதுவாக இருக்கும்.

மீட்டரில் எல்லாத் தகட்டுக்கும் 0.1 ஓமுக்குள். லைனையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்து, அங்கிருந்து எர்த்துக்கு 500 வோல்ட் மெகரில், அதாவது இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டரில் பார்த்தேன், 1 மெகா ஓம் இருந்தாலே போதும் என்கிற இடத்தில் நிறையவே காட்டியது. முதல் தடவை சீரிஸ் பல்ப், அதாவது லைனில் தொடராக மாட்டிய ஒரு பல்ப் வழியாகத்தான் கரண்ட் கொடுத்தேன். பல்ப் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கியது. தொடர்ந்து முழு வெளிச்சத்தில் எரிந்திருந்தால் உள்ளே ஷார்ட் என்று அர்த்தம்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்று புறங்கையால் பெட்டியைத் தொட்டார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்லை. அப்புறம் குனிந்து அந்தத் தேய்த்த இடத்தைப் பார்த்து, "இது மட்டும் வெள்ளையா அசிங்கமா தெரியுதுண்ணா, கறுப்பு பெயிண்ட் தொட்டுவிடலாமா?" என்றார்.

நட்டை இறுக்கியாச்சு இல்லையா, இனி அதன் மேலே வேண்டுமானால் அடித்துக்கொள் என்றேன்.