ஸ்கோப்பைக் கழற்றும் முன் ஜூமைக் குறையுங்கள்

நேற்று மாலை என் மேசைக்கு வந்த ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் (தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் ஒற்றைக்கண் தொலைநோக்கி) மூன்று திருகாணிகளின் தலை மழுங்கியிருந்தது. பார்த்ததுமே வயிற்றைப் பிசைந்தது. பொருந்தாத திருப்புளியை வைத்து யாரோ மல்லுக்கட்டியிருக்கிறார்கள். "ஜூம் ஏத்தினா படம் மங்கிப்போகுது சார். உள்ள ஈரம் போயிருக்கும்னு நெனச்சு வீட்லயே கழட்டிப் பாத்தேன்" என்றார் கொண்டுவந்தவர். உள்ளே ஈரமும் இல்லை, தூசியும் இல்லை. ஆனால் கழற்றியதில், படத்தை நிமிர்த்திக் காட்டும் கண்ணாடிக் கட்டியான பிரிசம் இருந்த இடத்தை விட்டு நகர்ந்துவிட்டது. உள்ளே ஈரம் படியாமலிருக்கத் தயாரிக்கும்போது அடைத்த நைட்ரஜன் போய்விட்டது. தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் ஒன்று நசுங்கிக் கிடந்தது.

இதே குறையோடு இந்த மாதம் வந்த மூன்றாவது ஸ்கோப் இது. முதல் இரண்டும் கழற்றப்படாமல் வந்ததால் பிழைத்தன. சோதனை மேசையில் ஏற்றிப் பார்த்தேன், இரண்டிலும் ஒரு குறையும் இல்லை. அப்படியே திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவதும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கும்போதுதான் ஆற்றாமையாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒளியியல் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். இங்கே நான் பேசுவது முன்லென்ஸ் 50 மி.மீ. அளவில் இருக்கும் சின்ன ஸ்கோப்புகளைப் பற்றி. தோள்பையில் அடங்கிவிடும், நாள் முழுக்கச் சுமந்தாலும் தோள் வலிக்காது. பறவை பார்ப்பவர்கள், மலையேறுபவர்கள், துப்பாக்கி சுடும் பயிற்சியில் அட்டையில் விழுந்த ஓட்டையைச் சரிபார்ப்பவர்கள், செல்போனை வைத்து நிலாவைப் படமெடுப்பவர்கள் எல்லாருக்கும் ஏற்றது. எனக்கே பிடித்த கருவி. அதன்மேல் வீண்பழி விழுவதைத்தான் தாங்க முடியவில்லை.

பழி எங்கிருந்து வருகிறது என்றால், பெட்டியின்மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் எண்ணிலிருந்து. 15 முதல் 45 மடங்கு, 20 முதல் 60 மடங்கு என்று போட்டிருப்பார்கள். வாங்குகிறவர் அந்தக் கடைசி எண்ணைப் பார்த்துத்தான் வாங்குகிறார். வீட்டுக்கு வந்ததும் ஜூம் வளையத்தைக் கடைசிவரை திருப்புகிறார். மங்கலாகத் தெரிகிறது. உடனே லென்ஸ் சரியில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்.

உருப்பெருக்கம் அதிகமானால் அதிகமாகத் தெரியும் என்பது தவறு. இதை எத்தனை பேரிடம் எத்தனை விதமாகச் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கில்லை. இங்கே இன்னொரு முறை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள். ஸ்கோப்பை ட்ரைபாடில் வைத்து, சூரியன் இல்லாத பக்கத்து வெளிர்வானத்தை நோக்கித் திருப்புங்கள். ஐபீஸில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் பக்கத்து லென்ஸில், கண்ணை வைக்காமல், ஒரு முழம் பின்னால் தள்ளி நின்று அந்த ஐபீஸைப் பாருங்கள். கறுப்புக் கண்ணாடியின் நடுவே ஒரு சின்ன வெளிச்ச வட்டம் தெரியும். ஜூம் 15 மடங்கில் இருக்கும்போது அது மிளகைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கும். இப்போது வளையத்தை மெதுவாக 45-க்குத் திருப்புங்கள். வட்டம் சுருங்கிச் சுருங்கிக் கடுகைப்போல ஆகிவிடும். ஸ்கோப் உங்கள் கண்ணுக்குக் கொடுக்கும் ஒளிக்கற்றையின் தடிமன் அதுதான். முன்லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் இந்த வட்டத்தின் அளவு கிடைக்கும். 50-ஐ 15-ஆல் வகுத்தால் 3.3 மி.மீ. 45-ஆல் வகுத்தால் 1.1 மி.மீ. விட்டம் மூன்றில் ஒன்றானால் பரப்பு ஒன்பதில் ஒன்று. அந்தி வேளையில் உங்கள் கண்மணி 5 மி.மீ. அளவுக்கு விரிந்து வெளிச்சத்துக்காகக் காத்திருக்கும்போது, 1.1 மி.மீ. கற்றையைக் கொடுத்தால் அது என்ன செய்யும்? இருட்டிப்போகத்தான் செய்யும். அது கோளாறு இல்லை, வெறும் வகுத்தல் கணக்கு.

"வெளிச்சம் குறைஞ்சா குறையட்டும் சார், பெரிசா தெரியுதில்ல" என்பார்கள். பெரிதாகத் தெரியும்தான், ஆனால் புதிதாக எதுவும் தெரியாது. ஒரு லென்ஸ் எவ்வளவு நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டும் என்பதற்கு அதன் விட்டமே எல்லை. 19-ஆம் நூற்றாண்டில் வில்லியம் டாவ்ஸ் என்ற வானியலர் இரட்டை நட்சத்திரங்களைப் பார்த்துப் பார்த்து இதற்கு ஓர் எளிய கணக்கைக் கொடுத்தார். 116-ஐ மி.மீ. கணக்கிலுள்ள விட்டத்தால் வகுக்க வேண்டும். 50 மி.மீ. லென்ஸுக்கு 2.3 விகலை வருகிறது (ஒரு பாகைக் கோணத்தை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை). நல்ல பார்வையுள்ள கண் ஏறக்குறைய 60 விகலை இடைவெளியைப் பிரித்தறியும். அப்படியானால் 2.3-ஐ 60 ஆக்கிக் காட்ட 26 மடங்கு போதும். கண்ணை இடுக்காமல் நிதானமாகப் பார்க்க இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். அதற்கு அப்பால் ஜூமை ஏற்றுவது, அச்சடித்த படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது போலத்தான். புள்ளி பெரிதாகும், ஆனால் படத்தில் இல்லாத இறகு ஒன்று புதிதாக முளைக்காது.

நேற்று வந்தவருக்கு இதைச் செய்தே காட்டினேன். என் ஜன்னலிலிருந்து நூறு மீட்டர் தள்ளி ஒரு மின்கம்பத்தில் எண் எழுதிய தகடு இருக்கிறது. அவருடைய ஸ்கோப்பைப் போலவே இருக்கும் இன்னொன்றை வைத்து 60 மடங்கில் படிக்கச் சொன்னேன். கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று தடுமாறினார். 25-க்குக் குறைத்து மறுபடி பார்க்கச் சொன்னேன். பட்டென்று "எட்டு" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை, மேசையில் கிடந்த தன் ஸ்கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

கையடக்கமான குழாயில் 80 மடங்கு, 100 மடங்கு என்றெல்லாம் போட்டு விற்கிறார்களே, அவற்றைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் இதே வகுத்தல்தான் பதில். முன்லென்ஸை அளவுகோல் வைத்து அளந்து வகுத்துப் பாருங்கள்.

அடுத்து காற்று. உச்சிவெயிலில் தார்ச்சாலை, மணல்வெளி, பாறை இவற்றுக்கு மேலாக ஸ்கோப்பை நீட்டினால், சூடேறி மேலெழும் காற்று படத்தைத் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல நெளியவிடும். பெருக்கம் கூடக் கூட நெளிவும் கூடும். எவ்வளவு விலையுயர்ந்த ஸ்கோப்பும் இதை வெல்ல முடியாது. சந்தேகம் வந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். இருபது மீட்டரில் இருக்கும் ஒரு சுவரொட்டியைப் பாருங்கள். எழுத்து கூர்மையாகத் தெரிந்து, 500 மீட்டரில் இருப்பது மட்டும் குழம்பினால் குற்றம் காற்றுடையது. காலையில் வந்து பாருங்கள், அல்லது நாலு எட்டு முன்னால் நடங்கள். வீட்டு ஜன்னல் கண்ணாடியை மூடிவைத்துக்கொண்டு அதன் வழியாகப் பார்க்கவே பார்க்காதீர்கள். சாதாரண ஜன்னல் கண்ணாடி சமதளமாக இருப்பதில்லை, உங்கள் நல்ல லென்ஸுக்கு முன்னால் ஒரு மட்டமான லென்ஸைச் செருகிய மாதிரி ஆகிவிடும்.

ட்ரைபாட் வேண்டுமா என்று கேட்காதீர்கள், வேண்டும். சின்ன ஸ்கோப் என்பதால் கையில் பிடித்தே பார்க்கிறார்கள். படம் 30 மடங்கு பெரிதானால் நடுக்கமும் 30 மடங்கு பெரிதாகும். காற்றடித்தால் ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், கால்களைத் தாழ்த்தி உட்கார்ந்து பாருங்கள். கண்ணாடி அணிபவர்கள் ஐபீஸின் ரப்பர் வளையத்தைக் கீழே இறக்கிவிட வேண்டும். இதைச் செய்யாமல் படத்தைச் சுற்றிக் கறுப்பாக இருக்கிறது என்று ஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

படமெடுப்பதற்கு வருவோம். ஐபீஸில் கேமராவை வைத்து எடுப்பது நேற்று முளைத்த வித்தை இல்லை. 1999-இல் மலேசியப் பறவை ஆர்வலர் லாரன்ஸ் போ இப்படி எடுத்த படங்கள்தான் இந்த முறையைப் பலருக்கும் அறிமுகப்படுத்தின. டிஜிஸ்கோப்பிங் என்ற பெயரும் அந்த ஆண்டையொட்டித்தான் வந்தது. இன்று செல்போனும் ஓர் அடாப்டரும் போதும்.

ஆனால் செல்போன் வந்ததும் அந்த எண் பைத்தியம் இரட்டிப்பாகிவிடுகிறது. ஸ்கோப்பில் 45, அதற்குமேல் போனில் விரலை விரித்து இன்னொரு ஐந்து மடங்கு. பிறகு படம் சேறாகிவிட்டது என்று எனக்கு அனுப்புகிறார்கள். கணக்கைப் பாருங்கள். போனின் முதன்மை கேமரா பொதுவாக 26 மி.மீ. லென்ஸுக்கு இணையானது (இங்கே மி.மீ. என்பது குவியத்தொலைவு, விட்டம் இல்லை). ஸ்கோப்பை 20 மடங்கில் வைத்தாலே 520 மி.மீ. லென்ஸ் கிடைத்துவிடுகிறது. பறவை படமெடுப்பவர்கள் முதுகு வளையச் சுமக்கும் லென்ஸின் எட்டும் தூரம் அது. அதை 45-க்கு ஏற்றினால் சென்சாரில் விழும் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். நொடியில் 500-இல் ஒரு பங்கு நேரத்தில் எடுத்த படத்துக்கு இப்போது 100-இல் ஒரு பங்கு நேரம் வேண்டும். அதற்குள் மீன்கொத்தி தலையைத் திருப்பிவிடும், காற்று ட்ரைபாடை ஆட்டிவிடும். 20-இல் எடுத்துவிட்டு வீட்டில் வந்து வெட்டிக்கொள்ளுங்கள். பத்துக்கு ஒன்பது முறை அதுதான் நன்றாக இருக்கும்.

இன்னும் சில, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். போனை வைக்கும் முன் கண்ணால் ஃபோகஸ் செய்து, பிறகு திரையைப் பார்த்து மயிரிழை திருத்துங்கள். சுற்றிலும் கறுப்பு வளையம் தெரிந்தால் போனில் இரண்டு மடங்குவரை ஏற்றி அதை வெளியே தள்ளலாம், அதற்குமேல் வேண்டாம். அந்தக் கறுப்பை நம்பிப் போன் வெளிச்சத்தைக் கூட்டிவிடும், வெள்ளைக் கொக்கு வெள்ளைக் காகிதமாகிவிடும். கொக்கின்மேல் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள். பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்று போன் தானாக மேக்ரோ லென்ஸுக்கு (மிக அருகில் இருப்பதை எடுக்கும் லென்ஸ்) தாவினால் அந்த வசதியை அணைத்துவிடுங்கள். ஷட்டரை விரலால் தொடாதீர்கள், இரண்டு நொடி டைமர் வையுங்கள்.

துடைப்பதைப் பற்றி. சட்டை நுனி, கைக்குட்டை, டிஷ்யூ காகிதம் மூன்றும் கூடாது. முதலில் ஊதுபந்தால் மணலை ஊதி விரட்டுங்கள், பிறகு மெல்லிய தூரிகை, கடைசியாகத்தான் லென்ஸ் திரவம் தொட்ட மைக்ரோஃபைபர் துணி. மணலோடு துடைத்தால் கோட்டிங் போய்விடும். அதை நான் மறுபடி பூச முடியாது. ஈரமான நாளில் பயன்படுத்திவிட்டு அப்படியே பைக்குள் திணித்து மாதக்கணக்கில் அலமாரியில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். சிலந்திவலை மாதிரி லென்ஸில் படரும், விட்டுவைத்தால் கண்ணாடியையே அரிக்கும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் மாற்றுங்கள். உள்ளே பூஞ்சை தெரிந்தாலும் நீங்களே கழற்றாதீர்கள். பிரிசத்தைத் திரும்ப அதே இடத்தில் உட்காரவைக்க அதற்கான மேசை வேண்டும், செயற்கை நட்சத்திரம் (சோதனைக்கான நுண்ணிய ஒளிப்புள்ளி) வேண்டும், பொறுமை வேண்டும். நேற்று வந்ததில் புள்ளியாகத் தெரிய வேண்டிய நட்சத்திரம் வால் முளைத்துத் தெரிகிறது. இன்னும் இரண்டு நாள் வேலை இருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் ஸ்கோப்புக்கு வரும் கேடு, என்னால் ஓரளவு சரிசெய்ய முடிந்தது. என்னால் முடியாதது ஒன்று இருக்கிறது. அதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், சூரியனைப் பார்க்காதீர்கள்.

வெயிலில் உங்கள் கண்மணி 2 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும். 50 மி.மீ. லென்ஸின் பரப்பு அதைப்போல 625 மடங்கு. அவ்வளவு பரப்பில் விழும் வெயிலையும் திரட்டி உங்கள் கண்ணுக்குள் அனுப்பும். விழித்திரைக்கு வலி தெரியாது. எரிந்தது தெரிவதற்குள் சில மணி நேரம் போய்விடும், போன பார்வை சிலருக்குத் திரும்புவதே இல்லை. கிரகணக் கண்ணாடியை அணிந்துகொண்டு ஐபீஸில் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்தக் கண்ணாடி வெறுங்கண்ணுக்கானது, திரண்டு வரும் ஒளியில் அது பொத்துப்போகும். ஐபீஸில் திருகும் சூரிய வடிகட்டியும் வேண்டாம், சூட்டில் அது விரிசல் விடும். வடிகட்டி முன்லென்ஸுக்கு முன்னால்தான் இருக்க வேண்டும், காற்றடித்தாலும் கழன்று விழாதபடி இறுக்கமாக, ஓட்டை கீறல் இல்லாமல். போன் திரையில்தானே பார்க்கிறேன் என்றாலும் இதேதான். வெயிலை நோக்கித் திறந்திருந்த ஒரு ஸ்கோப்பின் ஐபீஸுக்குள் பிளாஸ்டிக் வளையம் உருகி வழிந்திருந்ததை இதே மேசையில் பார்த்திருக்கிறேன்.

அடுத்த கிரகணத்தன்று அப்படியொரு வடிகட்டி கையில் இல்லையென்றால் ஸ்கோப்பைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம். மற்ற நாட்களிலும், ட்ரைபாடை வெயிலில் விட்டுவிட்டு நகரும்போது முன்மூடியைப் போட்டுவிட்டுப் போங்கள். ஐபீஸ் இருக்கும் உயரத்துக்குச் சரியாக ஒரு குழந்தையின் கண் எட்டும்.